கட்டைவிரலும் பல்சக்கரமும்: 19ஆம் நூற்றாண்டின் கடல் தூண்டில் ரீல்கள்

தூண்டிற்கோலின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்டு, நீண்ட நூலைத் தன்மேல் சுற்றி வைத்துக்கொண்டு, மீன் இழுக்கும்போது அதை விட்டுக்கொடுக்கவும், மீன் தளரும்போது மீண்டும் சுற்றிக்கொள்ளவும் உதவும் உருளைப் பொறியே ரீல் எனப்படுகிறது. ஓடைகளிலும் ஏரிகளிலும் சிறு மீன்களைப் பிடிப்பவருக்கு அது பெரும்பாலும் நூலைச் சிக்கலின்றி வைத்துக்கொள்ளும் ஒரு கொள்கலம் மட்டுமே. அது பழுதுபட்டாலும் நூலைக் கையால் இழுத்தே மீனைக் கரைசேர்த்துவிடலாம். கடலோரப் பாறையில் நின்று பத்து, இருபது கிலோ எடையுள்ள மீனைத் தூண்டிலில் பிடிக்க விரும்பியவருக்கோ அந்த வசதி இருக்கவில்லை. இரையை அலைகளுக்கு அப்பால் எறிவதற்கு உருளை தடையின்றிச் சுழல வேண்டும். மீன் தூண்டிலை விழுங்கி ஓடத் தொடங்கிய மறுகணமே அதே உருளை அடக்கத்தோடு சுழல வேண்டும். இவை இரண்டையும் உப்புநீரில் நனைந்தபடி ஆண்டுக்கணக்கில் செய்தாகவும் வேண்டும். முதல் தேவையையும் மூன்றாம் தேவையையும் 19ஆம் நூற்றாண்டின் கைவினைஞர்கள் வியக்கத்தக்க அளவுக்கு நிறைவேற்றினர். இரண்டாவதான அடக்கத்தை மட்டும் அந்த நூற்றாண்டு முழுவதும் மனிதனின் கட்டைவிரலிடமே விட்டுவைத்தனர். இன்று கண்ணாடிப் பேழைகளில் முழுமையான பொருள்களாக மினுங்கும் அந்த ரீல்கள், பிடித்தவரின் விரல் உருளைமேல் பட்டபோதுதான் முழுமை பெற்றன என்பதை மறந்துவிட்டால் அவற்றின் அமைப்பில் பாதி விளங்காமலே போகும்.

கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும்படி பல்சக்கரங்கள் கோத்த ரீலைப் பெருக்கு ரீல் எனலாம். கைப்பிடியின் அச்சில் ஒரு பெரிய பல்சக்கரமும் உருளையின் அச்சில் ஒரு சிறிய பல்சக்கரமும் இருக்கும். பற்களின் எண்ணிக்கை எத்தனை மடங்கு வேறுபடுகிறதோ அத்தனை மடங்கு வேகம் கூடும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே லண்டனில் ஒனெசிமஸ் உஸ்டன்சன் என்ற தூண்டில் வணிகர் பித்தளையாலான இத்தகைய ரீல்களை விற்றார். ஆனால் அக்காலப் பற்கள் கரடுமுரடாக வெட்டப்பட்டவை. பெரிய சால்மன் மீனின் இழுப்பில் அவை சிக்கிக்கொண்டன. இங்கிலாந்தின் தூண்டிற்காரர்கள் நாளடைவில் அவற்றைக் கைவிட்டு, பல்சக்கரமே இல்லாத எளிய ரீலுக்குத் திரும்பினர். அந்த யோசனைக்கு மறுவாழ்வு கிடைத்தது அமெரிக்காவில்தான். கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற சிற்றூரில் கடிகாரம் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர், ஏறத்தாழ 1810க்கும் 1820க்கும் இடையில், கடிகாரப் பற்களை வெட்டும் நுட்பத்தோடு ஒரு பெருக்கு ரீலைச் செய்தார். அவருக்குப் பின் ஃபிராங்ஃபர்ட் நகரில் மீக் சகோதரர்களும், அவர்களிடம் தொழில் கற்ற பெஞ்சமின் மைலமும் அதை வளர்த்தனர். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை நான்கு சுற்றுச் சுழலும் கென்டக்கி ரீல்கள் ஆற்று மீன்களுக்கென்றே பிறந்தவை. சிறிய இரையை மெல்ல எறிவதில் அவற்றுக்கு இணையில்லை. கடலின் கதை அங்கிருந்து கிழக்கே, நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் தனியாகத் தொடங்கியது.

அந்நகரின் ஃபுல்டன் தெருவில் கடை வைத்திருந்த ஜான் கான்ராயும், அவரைச் சுற்றி இயங்கிய பட்டறைக்காரர்களும் 1830களுக்குப் பின் உருவாக்கிய ரீலே நியூயார்க் ரீல் என்று பெயர் பெற்றது. அதன் கைப்பிடி தனித்து அடையாளம் காணத்தக்கது. ஒரு முனையில் விரலால் பிடிக்கும் குமிழும், மறுமுனையில் அதற்கு ஈடான எடையுள்ள ஓர் உலோக உருண்டையும் கொண்ட குறுக்குக் கம்பி அது. அந்த உருண்டையை அழகுக்காக வைத்ததாக எண்ணிவிடக் கூடாது. அக்கால ரீல்கள் பெரும்பாலானவற்றில் உருளையிலிருந்து கைப்பிடியைப் பிரித்துவிடும் வழி இல்லாததால், இரையை எறியும்போது உருளையோடு கைப்பிடியும் பின்னோக்கிச் சுழன்றது. ஒருபக்கம் மட்டும் எடை கொண்ட கைப்பிடி அந்த வேகத்தில் ரீலையே உலுக்கி, உருளையின் ஓட்டத்தைச் சீர்குலைத்துவிடும். எதிர் எடை அந்த அதிர்வைச் சமன்செய்தது. கடல் ரீல்களின் பெருக்கம் கென்டக்கி ரீல்களைவிடக் குறைவாக வைக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. வேகம் கூடக்கூட இழுவிசை அதே மடங்கு குறையும் என்பது பல்சக்கரத்தின் மாறாத விதி. நான்கு மடங்கு வேகத்தில் சுழலும் உருளையைக் கொண்டு கனத்த மீனை நேரடியாகச் சுற்றி இழுக்க முடியாது. ஆகவே கடல் தூண்டிற்காரர் கோலை மேலே உயர்த்தி மீனைத் தம் பக்கம் இழுத்து, பின் கோலைத் தாழ்த்தும்போது கிடைக்கும் தளர்ச்சியை மட்டும் ரீலில் சுற்றிக்கொள்ளும் முறையைக் கைக்கொண்டார். மீனை இழுப்பது கோலின் வேலை என்றும், கிடைத்ததைக் காப்பது ரீலின் வேலை என்றும் வகுத்துக்கொண்ட இந்தப் பழக்கம் இன்றுவரை மாறவில்லை.

இத்தனை கவனமும் எந்த மீனுக்காக என்ற கேள்விக்கு விடை, ஸ்ட்ரைப்டு பாஸ் எனப்படும் கோடுடல் மீன். வெள்ளி நிற உடலில் தலைமுதல் வால்வரை கருங்கோடுகள் ஓடும் இந்த மீன், அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரமாக வலசை சென்று, முட்டையிட ஆறுகளுக்குள் ஏறுவது. கோடையில் அது மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்டு கரைகளின் பாறை இடுக்குகளில், அலை உடைந்து நுரைக்கும் இடங்களில் இரை தேடும்; அதை நாடிச் செல்வோர் அந்த நுரைக்குள்தான் இரையைச் சேர்க்க வேண்டும். ஜெனியோ ஸ்காட் 1869இல் வெளியிட்ட அமெரிக்க மீன்பிடி நூல் இந்த மீனுக்குப் பெரும் இடம் ஒதுக்கியிருப்பது, நியூயார்க்கின் வசதி படைத்தோரிடையே அது பெற்றிருந்த மதிப்பைக் காட்டும். 1864இல் எலிசபெத் தீவுகளின் கடைக்கோடியில் கட்டிஹங்க் மன்றமும், 1866இல் அதே தீவுக் கூட்டத்தில் பாஸ்க் தீவு மன்றமும், 1869இல் மார்த்தாஸ் வினியார்டு தீவில் ஸ்குவிப்னாக்கெட் மன்றமும் தோன்றின. உறுப்பினர் பலரும் வணிகர்கள், வங்கியாளர்கள், ஆலை முதலாளிகள்.

மன்றங்கள் கரைப்பாறைகளிலிருந்து கடலுக்குள் நீளும் குறுகிய மேடைகளை அமைத்தன. பாறையில் துளையிட்டு நட்ட இரும்புத் தண்டுகளின்மேல் பலகைகளை வரிசையாகப் பரப்பி, அதன் முனையில் ஒருவர் நிற்க இடம் செய்யப்பட்டது. குளிர்காலப் புயல்கள் அடித்துச் சென்றவற்றை அடுத்த பருவத்தில் மீண்டும் கட்டினர். மறுநாள் எந்த மேடை யாருக்கு என்பதை முந்தைய இரவு சீட்டுக் குலுக்கி முடிவு செய்தனர். ஒவ்வோர் உறுப்பினருடனும் உள்ளூர் மீனவர் ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். மத்தி மீனின் குடும்பத்தைச் சேர்ந்த, எண்ணெய் மிகுந்த மென்ஹேடன் மீன்களையும் சிங்கி இறாலையும் நறுக்கி அலைக்குள் தூவி, பெரிய மீன்களைப் பாறையருகே வரவழைப்பதும், தூண்டிலில் இரை கோப்பதும், பிடிபட்ட மீனை வழுக்கும் பாறையில் இறங்கிக் கொக்கியால் தூக்குவதும் அவருடைய வேலை. மன்றங்களைப் பற்றிய எழுத்துகளில் உறுப்பினர்களின் பெயர்களும் மீன்களின் எடைகளும் நிறைந்திருக்க, மீன் எங்கே எப்போது வரும் என்பதை அறிந்திருந்த இந்தக் கூலி மீனவர்கள் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர். அவர்களுடைய அறிவின்றி அந்த விலையுயர்ந்த ரீல்களில் நூல் ஓடியிருக்காது என்பதை ரீல்களின் வரலாற்றை எழுதுவோர் அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

மேடையின் முனையில் நின்றவர் செய்த வேலையை நுணுகிப் பார்த்தால்தான் ரீலின் வடிவம் புரியும். ரீல் கோலின் மேற்புறத்தில் அமர்ந்திருக்கும்; கோலைப் பிடித்த கையின் கட்டைவிரல் உருளையில் சுற்றியுள்ள நூலின்மேல் அழுந்தியிருக்கும். சிங்கி இறாலின் வால் கோத்த தூண்டிலைத் தலைக்குப் பின்னிருந்து முன்னோக்கி வீசும் கணத்தில் விரல் தளர, உருளை சீறிச் சுழலும். எறிந்த இரை காற்றில் வேகமிழக்கத் தொடங்கும்போதோ உருளை தன் வேகத்திலேயே சுழல முற்படும். வெளியே போகும் நூலைவிட உருளை விடுவிக்கும் நூல் மிகுந்து, கண்ணிமைக்கும் பொழுதில் அது பிரிக்க முடியாத சிக்கலாகிவிடும். இதைத் தடுக்க விரல் நூலைத் தொட்டும் தொடாமலும் தடவிக்கொண்டே இருந்து, இரை நீரைத் தொடும் நொடியில் உருளையை நிறுத்த வேண்டும். பின் மீன் கடித்து ஓடும்போது அதே விரல் முழு அழுத்தத்தோடு இறங்க வேண்டும். அந்தத் தேய்ப்பில் தோல் வெந்துவிடும் என்பதால், பின்னிய நூலாலோ தோலாலோ ஆன கட்டைவிரல் உறைகளை அணிந்தனர். தூண்டிற்கடைகள் அவற்றைத் தனிப் பொருளாகவே விற்றன.

ஒரு நூற்றாண்டுக் காலம் இவ்வளவு நுட்பமான பட்டறைகள் ஏன் நல்ல தடைப்பொறி ஒன்றைச் செய்யாமல் விட்டன என்பது நியாயமான கேள்வி. பணக்காரரின் விளையாட்டுப் பெருமை ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும். ஆயினும் இயந்திரவியல் அடிப்படையில் இன்னொரு விடை உண்டு. அதுவே கூடுதல் வலுவுள்ளதாகத் தோன்றுகிறது. அச்சில் பொருத்தப்படும் தடைப்பொறி, உருளையின் சுழற்சிக்கு மாறாத எதிர்ப்பைத் தருவது. நூல் வெளியேற வெளியேற, உருளையில் எஞ்சிய நூற்சுருளின் விட்டம் சுருங்கும்; விட்டம் பாதியானால் அதே எதிர்ப்பு நூலில் இரு மடங்கு இழுவிசையாக மாறும். மீன் மிகத் தொலைவுக்கு ஓடியிருக்கும் ஆபத்தான வேளையில்தான் நூல் அறுந்துபோகும் அளவுக்கு இழுவிசை ஏறும் என்பது இதன் விளைவு. நூற்சுருளின் மேற்பரப்பையே அழுத்தும் கட்டைவிரல் வேறு வகையில் செயல்படுகிறது. அது தரும் உராய்வு நேரே நூலின் இழுவிசையாகிறது. சுருளின் விட்டம் கூடினாலும் குறைந்தாலும் அதில் மாற்றமில்லை. அதோடு, மீனின் ஓட்டத்தை உணர்ந்து நொடிக்கு நொடி அழுத்தத்தை மாற்றும் திறனும் விரலுக்கு உண்டு. நனைந்த ஆளிநூலை எளிதில் அறுத்துவிடாத, உணர்வுள்ள தடை ஒன்று கையிலேயே இருந்தபோது, அக்காலத்துக் கரடான உலோகத் தடைகளை நம்பாத தூண்டிற்காரரைக் குறைசொல்ல இடமில்லை. பெரும்பாலான பட்டறைகள் பொருத்தியது பல்சக்கரத்தின் பற்களில் ஒரு சிறு நாக்கு உரசிக் கடகடவென ஒலிக்கும் அமைப்பு மட்டுமே. மீன் இழுப்பதை அறிவிக்கவும், ஓய்வில் இருக்கும் உருளை தானாக அவிழாமல் இருக்கவும் அது போதுமானது, பெரிய மீனை நிறுத்தப் போதாது.

உப்பை வென்ற வரலாறு இதைவிடத் தெளிவான வெற்றி. தொடக்கக் கால ரீல்கள் பித்தளையால் ஆனவை. கடல்நீரில் பித்தளையின் துத்தநாகம் மெல்லக் கரைந்து வெளியேற, மீந்த செம்பு நொறுங்கும் தன்மை பெறும். பித்தளைத் தகடுகளோடு எஃகுத் திருகுகளும் அச்சுகளும் சேர்ந்திருக்கும்போது நிலைமை மேலும் மோசமாகும். இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அவற்றிடையே மெல்லிய மின்னோட்டம் எழுந்து, எஃகு தன்னைப் பலிகொடுத்து அரிபடும். இதற்குத் தீர்வாக ஜெர்மன் சில்வர் வந்தது. பெயரில் வெள்ளி இருந்தாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவையான இது, நிக்கலின் உதவியால் அரிப்பைப் பெரிதும் தாங்கியது. கடினமும் மெருகும் இதற்கு இருந்தன. இரண்டாவது தீர்வு ரப்பரிலிருந்து வந்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதிப்படுத்தும் முறைக்கு 1844இல் சார்லஸ் குட்இயர் காப்புரிமை பெற்றார். கந்தகத்தின் அளவை வெகுவாகக் கூட்டி மரம்போல் கடினமான கறுப்புப் பொருளாக்கும் முறைக்கு 1851இல் அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் காப்புரிமை பெற்றார். பழைய மசிப்பேனாக்களின் உடலாகத் தமிழ் வாசகர்களில் பலர் கையில் பிடித்திருக்கக்கூடிய எபோனைட் இதுவே. உப்பு இதைத் தொடாது, நன்றாகக் கடைசல் பிடிக்கலாம், எடையும் குறைவு. ஆனால் தவறி விழுந்தால் உடையும். எனவே எபோனைட் பக்கத்தகடுகளின் விளிம்பைச் சுற்றி ஜெர்மன் சில்வர் வளையங்களைப் பூட்டும் வழக்கம் ஏற்பட்டது. கறுப்புத் தகடும் வெண்ணிற வளையமும் சேர்ந்த அந்தத் தோற்றம் கடல் ரீலின் முகமாகவே ஆகிவிட்டது.

இந்தக் கலையின் உச்சம் வாம் ஹோஃப் குடும்பத்தினரின் பெயரோடு சேர்ந்தது. ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த ஃபிரெடெரிக் வாம் ஹோஃபிடம் தொழில் பயின்ற மகன்களில் ஜூலியஸ் புரூக்ளினில் பெரிய பட்டறை நடத்தி, பல கடைகளுக்கு அவரவர் பெயரில் ரீல்களைச் செய்து கொடுத்தார். 1846இல் பிறந்த எட்வர்டு 1867இல் நியூயார்க்கில் சொந்தத் தொழில் தொடங்கி, ஃபுல்டன் தெருக் கடையிலிருந்து விலையுயர்ந்த ரீல்களைத் தம் பெயரிலேயே விற்றார். இருவரின் போக்கும் ஒன்றல்ல. ஜூலியஸின் ரீல்கள் நடுத்தர வருவாயுள்ளோர் முதல் செல்வர்வரை பலரையும் எட்டின. எட்வர்டின் ரீல்களோ, திருகுகளின் தலைகூடச் சீராக முடிக்கப்பட்ட, ஒவ்வொரு பாகமும் தனியே இழைத்துப் பொருத்தப்பட்ட உயர்தரப் பொருள்கள். எட்வர்டின் வேலைப்பாட்டைப் போற்றுவோர் ஜூலியஸைத் தாழ்த்திப் பேசுவது வழக்கமாகியிருக்கிறது. கடல் தூண்டிலைச் சிலரின் மன்றத்திலிருந்து பலரின் கைக்குக் கொண்டுவந்தவர் என்ற வகையில் ஜூலியஸின் இடம் சிறிதும் குறைந்ததன்று.

நூலைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஆளிச்செடியின் நாரிலிருந்து நூற்று முறுக்கிய லினன் நூலையே கடல் தூண்டிற்காரர் பயன்படுத்தினர். கட்டிஹங்க் மன்றத்தின் பெயரால் அது கட்டிஹங்க் நூல் என்றே வழங்கியது. நனைந்தால் வலிமை கூடுவது அதன் அரிய குணம். ஒவ்வொரு நாளும் அதை ரீலிலிருந்து முழுவதும் அவிழ்த்து, நன்னீரில் அலசி, உலர்த்தாவிட்டால் மக்கிப்போவது அதன் குறை. எத்தனை இழைகளை முறுக்கிச் செய்தது என்பதைக் கொண்டே நூலின் வலிமையைக் குறித்தனர். தடித்த லினன் நூல் 200 கஜம் பிடிக்க வேண்டுமானால் உருளை அகலமாகவும் ஆழமாகவும் இருந்தாக வேண்டும். பழங்காலக் கடல் ரீல்களின் பருமனுக்குக் காரணம் மீனின் எடை மட்டுமன்று, நூலின் பருமனும்தான்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் பிரிட்டனின் கடல் தூண்டில் வேறு வழியில் சென்றது. நாட்டிங்ஹாம் நகரில் உருவான, அக்ரூட் மரத்தில் கடைந்த, பல்சக்கரமற்ற பெரிய ரீல்கள் அங்கே பரவின. விட்டம் பெரிதாக இருந்ததால் ஒரு சுற்றுக்கே போதிய நூல் சுற்றப்பட்டது. மரம் அரிபடவும் இல்லை. ஈரத்தில் மரம் உப்பி நெளிந்து உருளை உரசும் குறையை நீக்க, முதுகில் நட்சத்திர வடிவப் பித்தளைத் தகடு பதித்தனர். 1884இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்து பீட்டர் மாலக், எறியும்போது உருளையைப் பக்கவாட்டில் திருப்பி, அது சுழலாமலே நூல் அதன் விளிம்பிலிருந்து நழுவிச் செல்லும்படி ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். நூல் முறுக்கிக்கொண்டாலும், அந்த அடிப்படை எண்ணம் அடுத்த நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய நிலை உருளை ரீல்களில் மீண்டும் தோன்றியது. 1893இல் பிரிட்டிஷ் கடல் தூண்டிற்காரர் சங்கம் நிறுவப்பட்டபோது பிரிட்டனின் கரைகளில் பெரும்பாலும் காணப்பட்டவை இத்தகைய மர ரீல்களே.

கட்டைவிரலின் ஆட்சிக்கு நெருக்கடி ஃபுளோரிடாவிலிருந்து வந்தது. டார்பன் என்பது உள்ளங்கை அகல வெள்ளிச் செதில்கள் போர்த்த, நீரைவிட்டு மேலெழும்பித் துள்ளும், ஐம்பது கிலோவை எளிதில் தாண்டும் மீன். கோலையும் ரீலையும் கொண்டு அதைப் பிடிக்க முடியாது என்றே பலரும் கருதியிருந்தனர். 1885 மார்ச்சில் நியூயார்க்கைச் சேர்ந்த டபிள்யூ. எச். வுட், ஃபுளோரிடாவின் தென்மேற்குக் கரையில் 93 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 42 கிலோ எடையுள்ள டார்பன் ஒன்றைத் தூண்டிற்கோலால் பிடித்த செய்தி விளையாட்டு இதழ்களில் பரவியது. அதற்கு முன்னரே பிடித்ததாகச் சிலர் உரிமை கோரினர். எது முதல் என்பதைவிட, அதன்பின் பணம் படைத்த தூண்டிற்காரர்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஃபுளோரிடாவுக்குப் படையெடுத்ததே ரீல்களின் வரலாற்றுக்கு முக்கியம். பாறை மேடையில் நின்று எறிவதற்காகச் செய்த ரீல்கள் இப்போது படகிலிருந்து, எறிதலே இல்லாமல், இரு மடங்குக்கும் மேல் எடையுள்ள மீனோடு போராட வேண்டியிருந்தது. உருளைகள் பெருத்தன, பின்பக்கக் குறுக்குத் தண்டில் ஒரு தோல் பட்டையைக் கட்டி, விரல் அந்தத் தோலை அழுத்த, தோல் நூலை அழுத்தும்படி செய்தனர். விரலின் உணர்வைக் காத்தபடியே அதன் தோலைக் காப்பாற்றிய எளிய ஏற்பாடு அது. எட்வர்டு வாம் ஹோஃபே 1898இல் ஃபுளோரிடாவின் கேப்டிவா நீரிணையில் 210 பவுண்டு, சுமார் 95 கிலோ எடையுள்ள டார்பனைப் பிடித்தார். தாம் செய்யும் ரீல் எங்கே தோற்கும் என்பதைத் தம் கைகளாலேயே அறிந்த தொழிலாளி அவர்.

அதே 1898 ஜூனில், கலிபோர்னியாவின் சாண்டா கேட்டலினா தீவருகே, சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் 183 பவுண்டு (83 கிலோ) எடையுள்ள நீலத்துடுப்புச் சூரையைப் பிடித்தார். அதைத் தொடர்ந்து அத்தீவின் அவாலன் நகரில் சூரை மன்றம் நிறுவப்பட்டது. மறு ஆண்டில் கர்னல் மோர்ஹவுஸ் 251 பவுண்டுச் சூரையோடு மன்றத்தின் ஏட்டில் இடம்பெற்றார். சூரை டார்பனைப்போல் துள்ளுவதில்லை. ஆழத்தை நோக்கி நேரே பாய்ந்து இறங்கும். நூற்சுருளின் சுற்றளவு 30 சென்டிமீட்டர் என்றும், மீன் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றும் கொண்டால், உருளை நொடிக்கு 20 சுற்றுச் சுழலும். இரு மடங்குப் பெருக்கமுள்ள ரீலில் கைப்பிடி நொடிக்கு 10 முறை பின்னோக்கிச் சுழலும். அதன் பாதையில் விரல் அகப்பட்டால் என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை. விரல்மூட்டை உடைக்கும் ரீல் என்ற பெயரே அவற்றுக்கு ஏற்பட்டது. கட்டைவிரலும் தோல் பட்டையும் தம் எல்லையைத் தொட்டுவிட்டன.

தீர்வு புதிய நூற்றாண்டில்தான் கிடைத்தது. கேட்டலினாவின் தூண்டிற்காரர் வில்லியம் பாஷனின் எண்ணப்படி, ஜோ காக்ஸ் என்ற பட்டறைக்காரர், பல்சக்கரத்துக்கு உள்ளேயே உராய்வுத் தட்டுகளை அடுக்கி, மீன் இழுக்கும்போது உருளை வழுக்கிச் சுழல, கைப்பிடி மட்டும் அசையாமல் நிற்கும் ரீலை உருவாக்கினார். 1913இல் பாஷன் 355 பவுண்டு எடையுள்ள வாள்மீனைப் பிடித்தார். தூண்டிற்கோலில் பிடிபட்ட முதல் அகலமூக்கு வாள்மீன் அது. அவ்வகை ரீலை வணிக முறையில் செய்து விற்றது, 1907இல் மறைந்த ஜூலியஸ் வாம் ஹோஃபின் நிறுவனம். விட்டம் சுருங்கும்போது இழுவிசை ஏறும் பழைய குறை புதிய அமைப்பிலும் இருந்தது. கைப்பிடியருகே இருந்த திருகை ஓட்டத்தின் நடுவே தளர்த்திக்கொள்ள முடிந்ததால் அது பொறுக்கத்தக்கதாயிற்று.

கோடுடல் மீனுக்கு இதற்குள் என்ன நேர்ந்தது என்பது வருத்தம் தரும் பகுதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூ இங்கிலாந்துக் கரைகளில் அதன் வரத்து வெகுவாகக் குறைந்து, மன்றங்களின் மேடைகள் ஆளின்றிக் கிடந்தன. 1913இல் சார்லஸ் சர்ச் கட்டிஹங்க் அருகே பிடித்த 73 பவுண்டு மீன் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாதனையாக நின்றதும் அந்த வறுமையின் பின்னணியில் பார்க்கத்தக்கது. 1879இலும் 1882இலும் நியூஜெர்சி ஆறுகளிலிருந்து சில நூறு குஞ்சுகளைத் தொடர்வண்டியில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கொண்டுசென்று விட்டதால், இந்த மீன் பசிபிக் கரையில் பெருகியது மட்டுமே அக்காலத்தில் அதற்குக் கிடைத்த நல்ல செய்தி.

எஞ்சியிருக்கும் ரீல்களை ஆராய்வோர் சில அடையாளங்களைக் கொண்டே காலத்தையும் செய்தவரையும் கணிக்கின்றனர். தகட்டில் பொறித்த பெயர் பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். ஆபி அண்டு இம்ப்ரி என்று பொறித்திருப்பதால் அவர்கள் அதைச் செய்தனர் என்று பொருளில்லை. அக்கடை ஆண்ட்ரூ கிளெர்க் நிறுவனம் என்ற பெயரிலிருந்து 1875இல் இப்பெயருக்கு மாறியதால், அப்பெயருள்ள ரீல் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஜூலியஸின் ரீல்களில் காணப்படும் 1885 நவம்பர் 17, 1889 அக்டோபர் 8 ஆகிய காப்புரிமைத் தேதிகளும் அவ்வாறே கீழ் எல்லையை மட்டும் தருபவை. அத்தேதிகளைப் பொறித்த ரீல்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்யப்பட்டன. அளவைக் குறிக்கும் 2/0, 4/0, 6/0 போன்ற எண்கள் அப்போது வழக்குக்கு வந்து, இன்றைய கடல் ரீல்களிலும் நீடிக்கின்றன.

சேகரிப்போர் செய்யும் பெருந்தீங்கு மெருகேற்றுதல். வெயில் பட்ட எபோனைட் கறுப்பு மாறிப் பழுப்பேறும். அதைச் சுரண்டி மீண்டும் கறுப்பாக்கும்போது கடைசல் வரிகளும் பொறித்த எழுத்துகளின் கூர்மையும் அழிந்துவிடுகின்றன. ஜெர்மன் சில்வரைப் பளபளப்பாக்கும் பசைகள் திருகுத் தலைகளின் விளிம்பைத் தேய்த்து, அவை மூலத் திருகுகளா பின்னாளில் மாற்றப்பட்டவையா என்று அறியும் வழியை அடைத்துவிடுகின்றன. தோல் பட்டை உள்ள ரீலில், அதைக் கட்டிய துளைகள் குறுக்குத் தண்டோடு பட்டறையிலேயே இட்டவையா, டார்பனுக்காக உரிமையாளர் பிற்காலத்தில் துளைத்தவையா என்பது அந்த ரீல் பாறையிலிருந்து படகுக்கு மாறிய வரலாற்றைச் சொல்லும் சான்று. அத்துளைகளை அடைத்து ரீலைப் புதிது போலாக்கி விற்பவர்கள், அது எந்த மீனுக்காக எப்படிப் பயன்பட்டது என்பதை அறிய எஞ்சியிருக்கும் ஒரே பதிவையும் அழித்துவிடுகின்றனர்.